எண்ணினால் ஐந்து கோடு, கணக்குப்படி ஆறு: ஒரு ‘வியட்நாம்’ ஜிப்போவின் வயதைப் பார்த்த விவரம்

“அண்ணே, இது நெசமாவே போர்க்காலத்து லைட்டர்தானான்னு பார்த்துச் சொல்லுங்க” என்று கைக்குட்டையைப் பிரித்து ஒரு ஜிப்போவை மேசையில் வைத்தார் அந்தத் தம்பி. ஹோ சி மின் நகரத்துக்குச் சுற்றுலா போனபோது அங்கே ஒரு சந்தையில் பேரம் பேசி வாங்கியது. முகப்பில் ஆங்கில எழுத்தில் மூன்று வரி பொறித்திருந்தது: வியட்நாம், பிளெய்கு, 66–67. பிளெய்கு மலைப்பகுதி முகாமில் ஒரு வருஷம் இருந்த அமெரிக்கச் சிப்பாய் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். தம்பி அதை நம்பியே வாங்கியிருக்கிறார், ஆனால் விமானத்தில் திரும்பி வரும்போதே மனசில் ஒரு நெருடல்.

கதை பொருந்தாத கதை இல்லை. வியட்நாமில் அமெரிக்கத் தரைப்படை வீரருக்குப் பணிக்காலம் பொதுவாக 12 மாதம். அதனால்தான் அந்தக் காலத்து லைட்டர்களில் 66–67, 68–69 என்று இரண்டு வருஷத்தைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். ஊர்ப் பெயரும் வருஷமும் போடுவதுதான் வழக்கமான பாணி. ராணுவ முகாமில் இருந்த பிஎக்ஸ் கடையில் லைட்டரை வாங்கி, வெளியே தெருவோரத்தில் பொறிப்புக் கருவியோடு உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்தால் சற்று நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிளெய்கு பெரிய ராணுவத் தளமாக இருந்த ஊர் என்பதும் உண்மை. ஆக, எழுதியிருப்பதில் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் பொறிப்பு எதற்குமே சாட்சி ஆகாது. கருவி வைத்திருக்கும் யாரும் எந்த நாளிலும் எந்த வருஷத்தையும் பொறிக்கலாம். தொழிற்சாலையில் ஒரே ஒருமுறை அடிக்கப்பட்டு, பிறகு யாரும் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லாத இடம் ஒன்று உண்டு, அது லைட்டரின் அடிப்பாகம். அதனால் நான் முகப்பைப் படித்ததும் உடனே மறந்துவிட்டு லைட்டரைத் தலைகீழாகத் திருப்பிவிடுவேன். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்து ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். முகப்பில் இருந்த வருஷத்தை மனசில் வைத்துக்கொண்டு அடிப்பாகத்தைப் பார்த்தால் கண் அந்த வருஷத்தையே தேடிக் கண்டுபிடித்துவிடும்.

அடிப்பாகம் சொல்லும் மொழி

இந்த லைட்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அந்த அடிப்பாகத்து அடையாளங்கள் எப்படி வந்தன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் பின்னால் வருவது புரியாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டு என்ற சிற்றூர். அங்கே 1932-ல் ஜார்ஜ் பிளெய்ஸ்டெல் என்பவர் ஆரம்பித்த நிறுவனம் ஜிப்போ. ஆஸ்திரியாவில் செய்த ஒரு லைட்டரை நண்பர் ஒருவர் சிரமப்பட்டுப் பற்றவைப்பதைப் பார்த்து, ஒரு கையாலேயே திறந்து பற்றவைக்கும்படி, கீல் வைத்த மூடியோடு ஒன்றை வடிவமைத்தார். 1933-ன் தொடக்கத்தில் முதல் லைட்டர் வந்தது, விலை 1 டாலர் 95 சென்ட். அதோடு ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்: எத்தனை வருஷம் ஆனாலும், யார் கையில் இருந்தாலும், பழுதானால் காசு வாங்காமல் சரிசெய்து தருவோம்.

இந்த வாக்குறுதிதான் இன்றைக்கு நமக்கு வருஷத்தைச் சொல்கிறது. பழுதாகித் திரும்பி வரும் லைட்டர் எந்த வருஷத்துச் சரக்கு, எந்த வருஷத்துக் கீல் சீக்கிரம் உடைகிறது என்று தொழிற்சாலைக்குத் தெரிய வேண்டும். அதற்காக 1950களின் நடுவில் அடிப்பாகத்தில் ஒரு குறியீட்டை அடிக்க ஆரம்பித்தார்கள். சேகரிப்பவர்களுக்காகச் செய்த ஏற்பாடு இல்லை அது. தரக்கட்டுப்பாட்டுக்குச் செய்தது. அதனாலேயே நம்பலாம் என்பது என் எண்ணம்.

அதற்கு முந்தைய காலத்துக்குக் காப்புரிமை எண்தான் துணை. பிளெய்ஸ்டெல் 1934 மே 17-ல் விண்ணப்பித்தார், 1936 மார்ச் 3-ல் 2032695 என்ற எண்ணோடு காப்புரிமை கிடைத்தது. ஆகவே ‘காப்புரிமை நிலுவையில்’ என்று மட்டும் இருக்கும் முதல் தலைமுறை லைட்டர்கள் 1930களின் நடுப்பகுதிவரை வந்தவை. அதன்பின் 1950 வாக்கில்வரை 2032695 என்ற எண். இரண்டாம் காப்புரிமை 1950 ஆகஸ்ட் 1-ல் வந்தது, எண் 2517191. இதற்கு நடுவே இரண்டாம் உலகப்போர். பித்தளை கிடைக்காமல் இரும்பில் செய்து, சொரசொரப்பான கறுப்பு வண்ணம் அடித்து ராணுவத்துக்கு அனுப்பினார்கள். அந்தப் போர்க்கால லைட்டர்களில் எண்ணே தப்பாக, ஒரு 2 விட்டுப்போய், 203695 என்று அடிபட்டிருக்கிறது. அச்சு வெட்டியவரின் அந்தச் சின்னக் கைத்தவறு இன்றைக்குப் போர்க்காலச் சரக்கை அடையாளம் காட்டும் முத்திரை ஆகிவிட்டது.

கனடாவில் நயாகரா ஃபால்ஸ் ஊரிலும் 1949 முதல் 2002 வரை ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கே செய்ததில் பிராட்ஃபோர்டுக்குப் பதில் அந்த ஊர்ப் பெயர் இருக்கும். அதைப் பார்த்துப் போலி என்று தூக்கிப்போட்டவர்களும் உண்டு. பாவம், நல்ல சரக்கு.

சரி, குறியீட்டுக்கு வருவோம். 1958-லிருந்து இது ஒரு சீரான ஒழுங்கில் போகிறது. முத்திரையின் இடப்பக்கம் நான்கு புள்ளி, வலப்பக்கம் நான்கு புள்ளி என்று தொடங்கி, வருஷத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைந்துகொண்டே வரும். 1959-ல் இடம் நான்கு, வலம் மூன்று. 1960-ல் மூன்றும் மூன்றும். இப்படியே போய் 1965-ல் இடப்பக்கம் ஒரே ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும். 1966-ல் புள்ளி போய்ச் செங்குத்துக் கோடு வருகிறது, மறுபடி நான்கும் நான்கும். 1973-ல் ஒரு கோடு. 1974-லிருந்து வலப்பக்கம் சாய்ந்த கோடு. 1982-லிருந்து இடப்பக்கம் சாய்ந்த கோடு. 1986 ஜூலை 1-லிருந்து இந்த முறையையே விட்டுவிட்டு, மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்தும் வருஷத்துக்கு ஒரு ரோமன் எண்ணும் போட்டார்கள். 2001-லிருந்து ரோமன் எண்ணும் போய், வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கமே நேராக வந்துவிட்டது.

வருஷத்துக்கு ஒன்று கூடாமல் ஏன் குறைகிறது என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். லேத் பட்டறையில் நின்று பஞ்ச் அடிப்பதைப் பார்த்தவருக்கு இந்தச் சந்தேகம் வராது. உலோகத்தில் பள்ளமாக விழும் புள்ளி, அச்சில் மேடாக இருக்கும். அந்த மேட்டை உரசித் தேய்த்துவிட்டால் ஒரு புள்ளி குறைந்துவிடும். புதிதாக ஒரு மேட்டைச் சேர்ப்பதென்றால் அச்சையே புதிதாக வெட்டவேண்டும். எட்டிலிருந்து ஒன்றுவரை தேய்த்துக்கொண்டே வருவதுதான் பட்டறைக்காரன் யோசிக்கும் வழி.

அட்டவணையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நான் வைத்திருக்கும் கணக்கு இது: இடம் வலம் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். புள்ளி என்றால் அந்தக் கூட்டுத்தொகையை 1966-லிருந்து கழியுங்கள். நேர்கோடு என்றால் 1974-லிருந்து. வலப்பக்கம் சாய்ந்த கோடு என்றால் 1982-லிருந்து. இடப்பக்கம் சாய்ந்தது என்றால் 1990-லிருந்து. வருஷம் வந்துவிடும். இரண்டு புள்ளியும் ஒரு புள்ளியும் இருந்தால் 1963. மூன்று நேர்கோடும் இரண்டு நேர்கோடும் இருந்தால் 1969.

இரண்டு விஷயம் மட்டும் கவனிக்கவேண்டும். நேர்கோட்டையும் சாய்கோட்டையும் குழப்பிக்கொண்டால் எட்டு வருஷம் தப்பிப்போகும். பக்கத்துக்கு ஒரு நேர்கோடு என்றால் 1972, பக்கத்துக்கு ஒரு சாய்கோடு என்றால் 1980. வியட்நாம் போர்ப் பொருள் சேகரிப்பவருக்கு இந்த எட்டு வருஷம்தான் உயிர், ஏனென்றால் அமெரிக்கப் படை அங்கிருந்து கிளம்பியது 1973 மார்ச்சில். இன்னொன்று, இடப்பக்க எண்ணிக்கை எப்போதும் வலப்பக்கத்துக்குச் சமமாகவோ ஒன்று கூடுதலாகவோதான் இருக்கும். வலப்பக்கம் கூடுதலாக இருப்பது 1979-ல் மட்டும் நடந்தது. இரண்டும் ஒன்றுமாக இருக்கவேண்டிய சாய்கோடு சிலவற்றில் ஒன்றும் இரண்டுமாக அடிபட்டுவிட்டது.

மேசையில் இருந்த லைட்டர்

இப்போது அந்தத் தம்பியின் லைட்டர். அடிப்பாகத்தில் ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றினேன், அவ்வளவுதான். பாலிஷ் எதுவும் போடக்கூடாது. அழுக்கும் ஒரு சாட்சி.

மேலே பிராட்ஃபோர்டு, பென்சில்வேனியா. நடுவில் ஜிப்போ என்று சாய்வெழுத்தில் பெயர். கீழே அமெரிக்காவில் செய்தது என்ற வரி. நிறுவனத்தின் பெயர் ஆரம்பத்தில் தடித்த நேரெழுத்தில் இருந்தது, 1950களின் நடுவில் சாய்வெழுத்து ஆனது, 1980 வாக்கில் ‘ஐ’ என்ற எழுத்தின் தலையில் சுடர் ஒன்று முளைத்தது. இதில் சுடர் இல்லை. ஆக 1955-க்கும் 1980-க்கும் நடுவில் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். எழுத்தின் விளிம்புகள் கூர்மையாக இருந்தன, முத்திரையின் ஆழம் சீராக இருந்தது. போலி அச்சில் எழுத்து வழவழவென்று மழுங்கி, மெழுகில் அழுத்தியதுபோல இருக்கும். கீலில் ஐந்து கண்ணி, மூடியும் உடலும் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தன. மேலுறை பிராட்ஃபோர்டு சரக்கு என்பதில் எனக்கு அப்போதே சந்தேகம் இல்லை.

குறியீட்டில்தான் சிக்கல். வலப்பக்கம் மூன்று நேர்கோடு தெளிவாகத் தெரிந்தது. இடப்பக்கம் இரண்டுதான் தெரிந்தது.

கூட்டினால் ஐந்து, கணக்கில் 1969. ஆனால் 1969-க்கு இடப்பக்கம்தான் மூன்று இருக்கவேண்டும். இரண்டும் மூன்றும் என்ற அமைப்பே நேர்கோட்டுக் காலத்தில் கிடையாது. ஆக, இடப்பக்கம் ஏதோ அழிந்திருக்கிறது. ஒரு கோடு அழிந்திருந்தால் மூன்றும் மூன்றும், 1968. இரண்டு கோடு அழிந்திருந்தால் நான்கும் மூன்றும், 1967.

இதைச் சொன்னதும் தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. 1967 என்றால் விற்றவரின் கதை தப்பிப் பிழைக்கிறது. அந்த வருஷத் தொடக்கத்தில் செய்த லைட்டர் கடல்தாண்டிப் போய், பணிக்காலம் முடிவதற்குள் சிப்பாய் கையில் சேர்ந்து, அவர் பொறித்துக்கொண்டிருக்கலாம். 1968 என்றால் கதை அங்கேயே முடிந்தது. 1967-ல் ஊருக்குத் திரும்பியவர் 1968-ல் செய்த லைட்டரை எப்படிப் பிளெய்குவில் விட்டுவிட்டுப் போவார்? ஒரே ஒரு கோட்டில் நின்றது வழக்கு.

அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டேன். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தேய்ந்த முத்திரை தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் தலைமுடி அளவு பள்ளம்கூட நிழல் காட்டும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும், 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, லைட்டரை மெதுவாகச் சுற்றினேன்.

இடப்பக்க இரண்டு கோடுகளுக்கு அடுத்து ஓர் அகலமான உராய்வு. சிமென்ட் தரையிலோ கல்லிலோ பட்டுத் தேய்ந்ததுபோல, குரோம் முலாம் போய்ப் பித்தளையின் மஞ்சள் தெரிந்தது. அந்த மஞ்சள் திட்டுக்குள், ஒரு கோணத்தில் மட்டும், மூன்றாவது கோட்டின் அடிப்பள்ளம் நிழலாக வந்து போனது. மறுபடி சுற்றினேன், மறுபடி வந்தது. முதல் இரண்டு கோடுகளுக்கு நடுவே என்ன இடைவெளியோ அதே இடைவெளியில் இருந்தது. மூன்றாவது கோடு உறுதி.

நான்காவது? அதே இடைவெளியில் அடுத்த இடத்தைப் பார்த்தேன். அங்கே உராய்வே இல்லை. குரோம் முலாம் அப்படியே பளபளவென்று இருந்தது. அங்கே கோடு அடிக்கப்பட்டிருந்தால் அழிவதற்கு வழியே இல்லை. தேயாத இடத்தில் கோடு இல்லை என்றால், அங்கே கோடே இருந்ததில்லை என்றுதான் பொருள்.

மூன்றும் மூன்றும். ஆறு. 1974-ல் ஆறு போனால் 1968.

தம்பியையும் லூப்பில் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார். “மூணு இருக்கு அண்ணே” என்று மட்டும் சொன்னார்.

ஒரே சாட்சியை வைத்து முடிவு கட்டுவது எனக்குப் பிடிக்காது. அதனால் காப்புரிமை எண்ணைத் தேடினேன். 2517191 என்ற எண் அடிப்பாகத்தில் எங்குமே இல்லை. தேய்ந்து போன அடையாளமும் இல்லை, அந்த வரிக்கு இடமே விடாமல்தான் முத்திரை அமைந்திருந்தது. அமெரிக்காவில் அப்போது காப்புரிமைக்கு ஆயுள், வழங்கிய நாளிலிருந்து 17 வருஷம். 1950 ஆகஸ்டில் வாங்கியது 1967 ஆகஸ்டில் காலாவதி. காலாவதியான எண்ணைத் தொடர்ந்து அடிக்க அவசியம் இல்லை, அச்சிலிருந்து எடுத்துவிட்டார்கள். எண் இல்லாத அடிப்பாகம் அந்தக் காலாவதிக்குப் பிந்தையது. கோடுகள் சொன்னதையே இதுவும் சொன்னது.

இன்சர்ட் வேறு வயது

உள்ளே இருக்கும் பாகத்தை, இன்சர்ட் என்று சொல்வோமே, திரியும் சக்கரமும் லைட்டர் கல்லும் இருக்கும் அந்தக் கூட்டை வெளியே இழுத்தேன். அதில் ‘டி’ என்ற எழுத்தும் ரோமன் எண் ஒன்பதும் இருந்தன. ரோமன் எண் கணக்கில் 1985-தான் ஒன்று. ஆகவே ஒன்பது என்றால் 1993. ‘டி’ நான்காவது மாதம், ஏப்ரல். மேலுறைக்கும் இன்சர்ட்டுக்கும் 25 வருஷ வித்தியாசம்.

இதைப் பார்த்ததும் சிலர் ‘ஒட்டுவேலை, போலி’ என்று கைகழுவிவிடுவார்கள். அது அவசரம். ஆயுள் முழுக்கப் பழுதுபார்த்துத் தருவோம் என்று சொன்ன நிறுவனம், தேய்ந்த இன்சர்ட்டோடு வந்த லைட்டருக்குப் புது இன்சர்ட் போட்டுத்தான் திருப்பி அனுப்பும். உண்மையிலேயே கையில் புழங்கிய ஜிப்போக்களில் மேலுறை ஒரு வருஷமும் இன்சர்ட் ஒரு வருஷமுமாக இருப்பது சகஜம். அப்படியே வேறொரு லைட்டரின் இன்சர்ட்டை எடுத்துப் பொருத்தியிருக்கவும் செய்யலாம், வழக்கமான வகையில் எல்லாம் ஒரே அளவுதானே. ஆகவே இன்சர்ட்டின் வயதை வைத்து மேலுறையை மதிப்பிடுவது தவறு, மேலுறையை வைத்து இன்சர்ட்டை மதிப்பிடுவதும் தவறு. இரண்டையும் தனித்தனியாக எழுதி வைக்கவேண்டும். இந்த லைட்டரின் பொறிப்பைப் பற்றி இன்சர்ட் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போர் முடிந்து பல வருஷம் கழித்தும் இது யாரோ ஒருவர் கையில் பற்றிக்கொண்டு இருந்தது என்று சொல்கிறது.

எழுத்து எப்போது வந்தது

மேலுறை 1968 என்றால் 66–67 என்ற எழுத்து அந்த வருஷங்களில் பொறிக்கப்பட்டிருக்க முடியாது. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடிப்பாகம் சொல்வது ஓர் எல்லையை மட்டும்தான்: இதற்கு முன்னால் இல்லை என்று. இதற்குப் பின்னால் எப்போது என்பதை அது சொல்லாது. 1968-லேயே பொறித்ததா, போன வருஷம் பொறித்ததா என்று அறிய எழுத்தையே பார்க்கவேண்டும். அதனால் முகப்புக்கு இப்போதுதான் வந்தேன்.

குரோம் முலாம் பூசிய பித்தளையில் எழுத்தைப் பொறிக்கும்போது முனை முலாமை வெட்டிக்கொண்டு பித்தளைக்குள் இறங்கும். புதிதாகப் பொறித்த எழுத்தின் கரையில் மெல்லிய பிசிறு நிற்கும், விரல் நகத்தால் தடவினால் தெரியும். பல வருஷம் சட்டைப்பையிலும் காற்சட்டைப்பையிலும் கிடந்தால் அந்தப் பிசிறு போய், கரை வழவழப்பாகி, பள்ளத்துக்குள் கறுப்பாக அழுக்கு உறையும். இந்த லைட்டரில் பள்ளம் கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அடர்த்தியாக, எல்லா எழுத்திலும் ஒரே மாதிரிக் கறுப்பு. நனைத்த பஞ்சை வைத்து ஓர் எழுத்தின் நுனியில் மட்டும் ஒற்றியதும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஐம்பது வருஷ அழுக்கு இப்படி ஒரு ஒற்றலுக்கு வந்துவிடாது. அது பூசிய கறுப்பு.

பிறகு கீறல்கள். முகப்பில் பழைய கீறல்கள் நிறைய இருந்தன, சாவியோ சில்லறையோ உரசியது. அவை எழுத்தைக் கடக்கும் இடங்களைத்தான் பார்க்கவேண்டும். எழுத்து முதலில் வந்து கீறல் பிறகு விழுந்திருந்தால், கீறல் எழுத்தின் கரையை உடைத்துக்கொண்டு, உலோகத்தைப் பள்ளத்துக்குள் கொஞ்சம் தள்ளியிருக்கும். கீறல் முதலில் விழுந்து எழுத்து பிறகு வந்திருந்தால், எழுத்து கீறலைக் கத்தியால் அறுத்ததுபோல அறுத்துக்கொண்டு போயிருக்கும், கரை சிதையாது. பிளெய்கு என்ற சொல்லின் குறுக்கே ஒரு நீளமான கீறல். அந்தச் சொல்லின் எழுத்துகள் ஒவ்வொன்றும் அதை அறுத்துக்கொண்டுதான் போயின. கரை எங்கேயும் சிதையவில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட அழுத்தமாகப் பட்டது இன்னொன்று. வியட்நாம் என்ற சொல்லின் கடைசி எழுத்து லைட்டரின் ஓரம்வரை போகிறது. அந்த ஓரத்தில் குரோம் தேய்ந்து பித்தளை வெளியே வந்திருந்தது, பல வருஷம் பையில் புழங்கினால் மட்டுமே வரும் தேய்மானம். எழுத்து அங்கே முதலிலிருந்தே இருந்திருந்தால் ஓரம் தேயும்போது எழுத்தும் தேய்ந்து ஆழம் குறைந்திருக்கும். குறையவில்லை. நடுவில் எவ்வளவு ஆழமோ தேய்ந்த ஓரத்திலும் அவ்வளவு ஆழம், கரையும் கூர்மை. தேய்ந்து முடிந்த லைட்டரில்தான் இதைப் பொறித்திருக்கிறார்கள்.

தம்பி ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “ஒருவேளை அந்தச் சிப்பாய் ஊருக்குப் போனப்புறம் 68-ல வாங்கி, ஞாபகத்துக்காக வயசான காலத்துல பொறிச்சிருந்தா?” இருக்கலாம். படைவீரர்கள் பிற்காலத்தில் அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் அப்படியென்றால் அந்த லைட்டர் பிளெய்குவைப் பார்த்திருக்காது, அமெரிக்காவில் ஒரு வீட்டு மேசையில் இருந்திருக்கும். பூசிய கறுப்பும் அங்கே தேவைப்பட்டிருக்காது. ஒருவர் தன் சொந்த நினைவுக்காகப் பொறித்துவிட்டு அதைப் பழசாகக் காட்ட ஏன் மெனக்கெடவேண்டும்?

நான் கொடுத்த முடிவு: மேலுறை அசல், பிராட்ஃபோர்டு, 1968. இன்சர்ட் அசல், 1993 ஏப்ரல். பொறிப்பு மேலுறை தேய்ந்த பிறகு சேர்த்தது, போர்க்காலத்தது இல்லை.

இந்த வகைப் போலியில் எனக்கு வருத்தம் உண்டு. முழுப் போலியைவிட இது மோசம் என்றே சொல்வேன். முழுப் போலியில் அழிவது ஒன்றும் இல்லை. இதில் ஒரு நல்ல 1968 லைட்டரின் முகம் அழிந்துவிட்டது. அதோடு, வியட்நாமில் ஜிப்போ என்ற பெயருக்கு ஒரு கனம் இருக்கிறது. 1965 ஆகஸ்டில் கேம் நே என்ற கிராமத்தில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் லைட்டரால் குடிசைக் கூரைகளுக்குத் தீ வைத்ததை சிபிஎஸ் தொலைக்காட்சியில் செய்தியாளர் மோர்லி சேஃபர் காட்டினார். ஒரு சிப்பாய் தன் சட்டைப்பையில் வைத்திருந்த சாதாரணப் பொருள், அந்தக் கிராமத்துக்காரர்களுக்கு வேறு பொருள். இப்படி இரண்டு பக்கத்து மனிதர்களின் வருஷங்களும் ஒட்டியிருக்கும் பொருளில், யாருமே வாழாத ஒரு 66–67-ஐப் பொறித்து விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தம்பி கேட்டார், இதை என்ன செய்வது என்று. கல் மாற்றி, திரியை ஒரு இழை மேலே இழுத்து வெட்டிவிட்டு, லைட்டருக்கான எரிதிரவம் ஊற்றிப் பயன்படுத்துங்கள் என்றேன். முகப்பை வழவழப்பாகத் தேய்த்து எழுத்தை எடுத்துவிடலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். அதுவும் இதற்கு நடந்ததுதான். ஒரு துண்டுத் தாளில் மூன்று பாகத்தின் வயதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், நாளைக்கு இவர் கையிலிருந்து யாரிடம் போனாலும் அந்தத் தாளும் கூடப் போகட்டும் என்று.

மூன்று நாள் கழித்து ராத்திரி தம்பியிடமிருந்து போன் வந்தது. அவருடைய பெரியப்பா கப்பலில் வேலை பார்த்தவர், அவர் வைத்திருந்த ஒரு ஜிப்போ வீட்டு அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடந்திருக்கிறது. இத்தனை நாளும் யாரும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

“கோடு இல்லண்ணே, புள்ளிதான். இடது பக்கம் ரெண்டு, வலது பக்கம் ஒண்ணு.”

“கீழ நம்பர் ஏதாவது இருக்கா பாருங்க.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. டார்ச்சைத் தேடுகிறார் போல.

“இருக்கு. ரெண்டு, அஞ்சு, ஒண்ணு, ஏழு, ஒண்ணு, ஒம்பது, ஒண்ணு.” அப்புறம், நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, “அறுபத்தி மூணு. அந்த வருஷம்தான் பெரியப்பா முதல் தடவை கப்பல் ஏறினது” என்றார்.

லைட்டரைத் துடைக்க வேண்டாம், அப்படியே எடுத்துவாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.